தொந்தியும் சரிந்த தோளும் உள்ளவருக்குக் கோட்டு எப்படித் தைப்பது?

கேள்வி (மார்த்தாண்டம்):
வரும் தை மாதம் தேவாலயத்தில் எனக்குத் திருமணம். உயரம் 5 அடி 5 அங்குலம். மார்பு 40, வயிறு 42 அங்குலம். தோள்கள் சற்றுச் சரிந்தவை. முன்பு கடையில் ஆயத்தமாக வாங்கிய கோட்டு, பொத்தானைப் போட்டதும் வயிற்றில் பெருக்கல் குறிபோல் சுருங்கியது. நாகர்கோவிலில் தைக்கக் கொடுக்குமுன் எவற்றைச் சொல்ல வேண்டும்?

மறுமொழி 1:
தம்பி, தோளை முதலில் கவனியுங்கள். இடுப்பைப் பின்னர் பிரித்துத் தைத்துவிடலாம். தோளைத் திருத்துவது புதுக் கோட்டு தைப்பதற்குச் சமமான வேலை. தோள் தையல் எலும்பு முடியுமிடத்தில் நிற்க வேண்டும். உள்ளே மெல்லிய பஞ்சுப்பட்டை வைத்தால் சரிவு மறைவதோடு, மேலுடல் அகன்று தெரிவதால் வயிறும் அடங்கியதுபோல் தோன்றும். இரண்டு பொத்தான் போதும். மேற்பொத்தான் தொப்புளுக்குச் சற்று மேலே இருக்கட்டும், கீழ்ப்பொத்தானைப் போடும் வழக்கமில்லை. நீளம் பின்புறத்தை மூடினால் போதும், அதற்கு மேல் இறங்கினால் கால்கள் குட்டையாகத் தெரியும்.

மறுமொழி 2:
பின்னால் நடுவில் ஒரு வெட்டுக்குப் பதிலாக இருபுறமும் வெட்டு விடச் சொல்லுங்கள். அமரும்போது துணி இழுபடாது. இரட்டை வரிசைப் பொத்தான் உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

மறுமொழி 3 (தக்கலை):
நம் மாவட்டத்துப் புழுக்கத்தை யாரும் சொல்லவில்லையே! மெல்லிய கம்பளித் துணியில், முதுகில் பாதி மட்டும் உள்துணி வைத்துத் தையுங்கள். பாலியஸ்டர் என்றால் ஆராதனை முடிவதற்குள் நனைந்துவிடுவீர்கள்.