அப்பாவின் நாகஸ்வரத்தைக் கேட்க ஐம்பது வெள்ளி ஹெட்ஃபோன் போதுமா?

ஈசூன் வாசகி எழுதியது:

வணக்கம். என் அப்பா நாகஸ்வரம் வாசித்தவர். 1987இலும் அடுத்த ஆண்டிலும் கோயில் திருவிழாக்களில் அவர் வாசித்ததை ஆறு கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்தோம். கடந்த பொங்கலின்போது என் தம்பி அவற்றைக் கணினியில் ஏற்றி, எனக்குக் கைப்பேசியில் அனுப்பினான். அப்பா மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வாசிப்பைக் கேட்டு அதைவிட அதிகக் காலம் ஆகிவிட்டது.

கேட்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். பழைய கைப்பேசியோடு வந்த இயர்ஃபோனில் நாகஸ்வரம் காதைக் குத்துகிறது. தவில், தகர டின்னைத் தட்டுவதுபோல் இருக்கிறது. அப்பாவின் வாசிப்பு அப்படி இருந்ததில்லை என்று எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. நான் அவருக்குப் பின்னால் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

இங்கே சிங்கப்பூரில் ஒரு கடையில் விசாரித்தேன். முந்நூறு வெள்ளிக்குக் குறைந்த எதையும் வாங்காதீர்கள், பணம் வீண் என்றார் விற்பனையாளர். தேசிய சேவையில் இருக்கும் என் அக்கா மகனும், “சின்னம்மா, நல்லது வேண்டுமென்றால் ஐந்நூறு ஆகும்” என்கிறான். நான் துணைப்பாட ஆசிரியை. வாரத்தில் நான்கு நாள் ஈசூனிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்டுக்கு எம்ஆர்டியில் போய் வருகிறேன். ஐம்பது வெள்ளி எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பணத்துக்கு நல்ல ஒலி கிடைக்குமா? வீட்டிலும் கேட்க வேண்டும், ரயிலிலும் கேட்க வேண்டும். என் கைப்பேசியில் ஹெட்ஃபோன் செருகும் வட்டத் துளை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பற்றாசு எழுதியது:

அம்மா, கிடைக்கும். தயவுசெய்து அந்த முந்நூறு வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.

சிம் லிம் டவரில் ஒரு சிறிய கடையில் இருபத்தாறு ஆண்டுகள் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்த்தேன். நூற்றுக்கணக்கான ஹெட்ஃபோன்களைப் பிரித்திருக்கிறேன். நாற்பது வெள்ளிப் பொருளைத் திறந்தாலும் நானூறு வெள்ளிப் பொருளைத் திறந்தாலும் உள்ளே பெரும்பாலும் அதே மூன்றுதான்: மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், பின்னால் ஒரு காந்தம். அறையை நிரப்ப வேண்டிய ஸ்பீக்கருக்குப் பெரிய பெட்டி வேண்டும், மரம் வேண்டும், சக்தி வேண்டும். காதுக்குப் பக்கத்தில் ஒலிக்க வேண்டியதற்கு இவை எதுவும் வேண்டாம். அதனால்தான் கொஞ்சப் பணத்தில் நல்ல ஒலி என்பது ஹெட்ஃபோனில் சாத்தியம், ஸ்பீக்கரில் கடினம். சவ்வை எப்படி வடிவமைத்தார்கள், காற்று போய்வர எங்கே துளை விட்டார்கள் என்பதில்தான் திறமை இருக்கிறது. அந்தத் திறமை ஒருமுறை கைகூடிவிட்டால் அதை லட்சக்கணக்கில் அச்சடிக்கலாம்.

இது என் அனுபவம் மட்டும் அன்று. 2017இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 283 ஹெட்ஃபோன்களை அளந்து, தாழ் ஒலி முதல் உச்ச ஒலி வரை அவை எவ்வளவு அளவோடு தருகின்றன என்பதற்கும் விலைக்கும் தொடர்பு தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அத்தனை நிம்மதி! ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும். மலிவானவற்றில் குப்பையும் ஏராளம். விலைச்சீட்டு உங்களுக்கு வழிகாட்டாது, காதுதான் காட்ட வேண்டும்.

நான் 1996இல் வாங்கிய காஸ் போர்ட்டா புரோ ஹெட்ஃபோன் இன்னும் என் மேசையில் இருக்கிறது. காஸ், அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து நிறுவனம். 1958இல் ஸ்டீரியோ ஹெட்ஃபோனைக் கொண்டுவந்தவர்கள். போர்ட்டா புரோ 1984இல் வந்தது, இன்றும் ஏறக்குறைய அதே வடிவத்தில் விற்கிறார்கள். மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். பார்வைக்கு விளையாட்டுப் பொருள்போல இருக்கும், அதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வயரை இரண்டு முறை பற்றவைத்திருக்கிறேன். பஞ்சை எத்தனை முறை மாற்றினேன் என்ற கணக்கில்லை. நம் ஊர் வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்த நுரைப்பஞ்சைச் சில ஆண்டுகளில் மாவாக்கிவிடும், காதில் கறுப்புத் தூளாக ஒட்டும். பதறாதீர்கள், புதுப் பஞ்சு இரண்டு மூன்று வெள்ளிதான். விலை உயர்ந்தவற்றின் செயற்கைத் தோலும் இங்கே இதேபோல்தான் உரிகிறது, மாற்றும் செலவுதான் அதிகம்.

உங்கள் பையில் இருக்கும் தொகைக்கு அதன் தங்கையைச் சொல்வேன்: காஸ் கேஎஸ்சி75. தலைப்பட்டை கிடையாது, இரண்டு காதிலும் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் சுமார் இருபது டாலர். நம் கைக்கு வரும்போது அனுப்புகூலி சேரும், 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 2023 முதல் இணையத்தில் வாங்கும் சிறு பொருள்களுக்கும் அந்த வரி உண்டு. போர்ட்டா புரோ, கேஎஸ்சி75 இரண்டுக்கும் மின்தடை 60 ஓம்தான், கைப்பேசியே போதுமான சத்தம் தந்துவிடும். தனி ஆம்ப்ளிஃபையர் வாங்கு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வட்டத் துளை இல்லாததற்கு யூஎஸ்பி-சியிலிருந்து மாற்றும் சிறு வயர் ஒன்று போதும்.

இனி உங்கள் அப்பாவின் வாசிப்புக்கு வருகிறேன், எனக்கு முக்கியமானது அதுதான். நாகஸ்வரம் காதைக் குத்துகிறது என்கிறீர்களே, அது கருவியின் குற்றமும் அன்று, கேசட்டின் குற்றமும் அன்று. நம் காது மிகக் கூர்மையாக உணரும் இடத்தில்தான் நாகஸ்வரத்தின் பலமும் இருக்கிறது. மட்டமான இயர்ஃபோன்கள் அந்த இடத்தை இன்னும் தூக்கிவிடுகின்றன, ‘தெளிவாக’ ஒலிப்பதாகக் கடையில் தோன்ற வேண்டும் என்பதற்காக. கூடவே கேசட்டின் இரைச்சலும் மேலெழும். தவிலில் நேர்மாறு: வலந்தலையில் விரல்கூடுகள் விழும் சத்தத்தை மட்டும் தந்துவிட்டு, இடந்தலையில் குச்சி விழும் கனத்தை விட்டுவிடும். தகர டின் என்றீர்களே, மிகச் சரியான சொல். தவிலில் பாதி காணாமல் போய்விட்டது. போர்ட்டா புரோவில் அந்தப் பாதி திரும்பி வரும். உண்மையைச் சொன்னால் சற்று அதிகமாகவே வரும், கீழ்ப்பக்கம் கொஞ்சம் கனம். உச்ச ஒலியில் மென்மை, தம்புராவின் இழைகளில் மிக நுண்ணியவை மங்கும். பழைய கேசட்டுக்கு அந்த மென்மை வரம். கேஎஸ்சி75 மேல்பக்கம் இன்னும் சற்றுத் திறந்து கேட்கும்.

ஆனால் அம்மா, ரயிலில் இது வேண்டவே வேண்டாம். பஞ்சு வைத்த திறந்த ஹெட்ஃபோன், 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கொண்டுவந்த காலத்திலிருந்தே, வெளிச்சத்தத்தைத் தடுப்பதில்லை. ரயில் இரைச்சலை மீற நீங்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். 80 டெசிபல் என்றால் வாரம் நாற்பது மணி நேரம் வரை கேட்கலாம், 90 என்றால் நான்கே மணி நேரம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உங்கள் பயணமே வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குமேல் வரும். என் வலது காது இன்று மந்தமாக இருப்பதற்கு இளமையில் பணிமனை இரைச்சலுக்குமேல் பாட்டு வைத்துக் கேட்டதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

ரயிலுக்குக் காதுக்குள் நுழையும் வயர் இயர்ஃபோன் தனியாக வாங்குங்கள். மூன்டிராப் சூ அல்லது செவன் ஹெர்ட்ஸ் ஸீரோ, இரண்டும் முப்பது வெள்ளி அளவில் கிடைக்கும். கூட வரும் ரப்பர் முனைகளில் உங்கள் காதுக்குப் பொருந்தும் அளவைப் பொறுமையாகத் தேடுங்கள். முனை சற்றே தளர்வாக இருந்தாலும் தாழ் ஒலி முழுவதும் ஒழுகிவிடும், பிறகு இயர்ஃபோன் மோசம் என்று அதைத் திட்டுவீர்கள். கேஎஸ்சி75உம் ரயிலுக்கானதும் சேர்ந்து ஐம்பதைக் கொஞ்சம் தாண்டலாம். ஒன்றுதான் முடியுமென்றால் வீட்டுக்கானதை முதலில் வாங்குங்கள். அப்பாவை முதன்முறை ரயிலில் கேட்க வேண்டாம்.

கிராஞ்சி விடுதி எழுதியது:

அண்ணன் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். கட்டுமான வேலையில் இருக்கிறேன், விடுதியில் ஓர் அறையில் பலர் தங்கியிருக்கிறோம். பஞ்சு வைத்த ஹெட்ஃபோன் ஒன்றை முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கினேன். ஒலி அருமைதான். ஆனால் நான் கேட்ட பாட்டு முழுவதையும் கீழ்க்கட்டிலில் படுத்திருந்த அண்ணனும் கேட்டார். அவர் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து லாரி ஏற வேண்டியவர். இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிட்டேன். உள்ளே போவதைத் தடுக்காதது வெளியே போவதையும் தடுக்காது. அக்கா, உங்கள் வீட்டில் இரவில் பக்கத்தில் யாராவது தூங்கினால் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது பதினெட்டு வெள்ளிக்குத் தேக்காவில் வாங்கிய காதுக்குள் நுழையும் இயர்ஃபோன்தான். ஊரில் இருக்கும் மகளோடு பேசுவதும் அதில்தான், ஒலி 96.8 கேட்பதும் அதில்தான். ஒன்றரை ஆண்டாக உழைக்கிறது. என் அனுபவத்தில் மலிவானவை சாவது பிளக் பக்கத்தில் வயர் முறிந்துதான். பிளக்கைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

செங்காங் தந்தை எழுதியது:

எல்லாரும் வயரைப் பற்றியே பேசுகிறீர்கள். இரைச்சல் நீக்கும் வசதியுள்ள புளூடூத் இயர்ஃபோன்கள் இப்போது எண்பது வெள்ளிக்கே வருகின்றன. வடகிழக்குப் பாதையில் தினமும் போகிறேன், அது முழுக்கச் சுரங்கம். பொத்தானை அழுத்தியதும் ரயிலின் உறுமல் அடங்கிவிடுகிறது. சத்தத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கிறேன். காதுக்கு நல்லது என்றால் இதையும் சொல்ல வேண்டாமா?

பற்றாசு எழுதியது:

சொல்லத்தான் வேண்டும், நீங்கள் சொன்னதும் நல்லதாயிற்று. ரயிலின் சீரான உறுமலை அவை நன்றாகவே அடக்கும். பேச்சுச் சத்தத்திலும் அறிவிப்புகளிலும் அவ்வளவு வலிமை இராது. என் தயக்கம் வேறு. அந்த எண்பது வெள்ளிக்குள் மின்கலம், வானொலிச் சில்லு, சிறிய ஒலிவாங்கிகள், மின்னேற்றும் பெட்டி என்று அத்தனையும் அடங்க வேண்டும். ஒலிக்கென்று மிஞ்சுவது எவ்வளவு? மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றைத் திறந்து மாற்றவும் முடியாது. பழுதுபார்த்துப் பிழைத்தவனுக்கு அது வயிற்றெரிச்சல். ரயிலுக்கு மட்டும் என்றால் உங்கள் யோசனையை ஏற்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பெயர்களில் போலிகள் உலவுகின்றன. ஒருமுறை நானே ஏமாந்தேன். பெட்டி அச்சு அசல், விலை பாதி, உள்ளே சவ்வு காகிதம்போல். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் நம்பாதீர்கள்.

ஈசூன் வாசகி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கேஎஸ்சி75 வந்து சேர்ந்தது. அனுப்புகூலியும் மாற்று வயரும் சேர்த்து நாற்பத்தாறு வெள்ளி ஆயிற்று. ரயிலுக்கு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை ரயிலில் புத்தகம் படிக்கிறேன்.

முதல் நாள் கொக்கி காதை அழுத்தியது. உள்ளே மெல்லிய கம்பி இருக்கிறது, லேசாக வளைத்தபின் சரியாயிற்று. தவில் முழுதாகக் கேட்கிறது ஐயா. இடந்தலையின் கனம் இருக்கிறது, இரண்டு தவில்கள் என்பதும் இப்போதுதான் பிரிந்து தெரிகிறது. நாகஸ்வரம் உரக்கத்தான் ஒலிக்கிறது, ஆனால் குத்தவில்லை.

நான் எதிர்பாராத ஒன்றும் கேட்டது. அடியில் ஒலிக்கும் ஆதார சுருதியை இத்தனை நாள் சுருதிப் பெட்டி என்றே நினைத்திருந்தேன். இரண்டாவது கேசட்டில் ஏழாவது நிமிடம் அது ஒரு கணம் தளர்ந்து, மறுபடி நிமிர்கிறது. பெட்டி அப்படித் தளராது. அது ஒத்து, மூச்சால் ஊதுவது. என் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த ஆண்டுகளில் அப்பாவுக்கு ஒத்து ஊதியவர் எங்கள் சித்தப்பா என்றான். அவர் வாசிப்பு வேறு எங்கும் பதிவாகவில்லை. அந்த ஒரு நிமிடத்தை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியவில்லை.

கிராஞ்சித் தம்பிக்கு நன்றி. பக்கத்து அறையில் மகள் படிக்கும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்கிறேன்.

மூன்றாவது கேசட்டில் மட்டும் நடுவில் சுருதி இறங்கி இறங்கி ஏறுகிறது, நாடா இழுபட்டதுபோல். அசல் கேசட் என்னிடம் இருக்கிறது. வேறு பிளேயரில் மறுபடி ஓட்டிப் பார்த்தால் சரியாகுமா, அல்லது நாடாவையே வேறு கேசட் கூட்டுக்கு மாற்ற வேண்டுமா, ஐயா?