கொள்ளிடம் ஒன்றியம் உண்டு, கொள்ளிடம் வட்டம் ஏன் இல்லை?

கொள்ளிடக்கரையான்:
எங்கள் ஊர் மயிலாடுதுறை மாவட்டம், கொள்ளிடம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஆனால் சாதிச் சான்றிதழுக்கோ பட்டா மாறுதலுக்கோ விண்ணப்பித்தால் சீர்காழி வட்டம் என்றே குறிப்பிட வேண்டியிருக்கிறது. மாவட்டத்தில் வட்டங்கள் 4, ஒன்றியங்கள் 5. ஒரே நிலப்பரப்பை இப்படி இரண்டு விதமாகப் பிரித்திருப்பது எதற்காக?

பழைய கணக்கன்:
வட்டமும் ஒன்றியமும் வெவ்வேறு நிர்வாகங்களின் அலகுகள். நிலவரி வசூலை மையமாகக் கொண்டு ஆங்கிலேயர் காலத்தில் உருப்பெற்ற வருவாய் நிர்வாகத்தில், மாவட்டத்தின் கீழ் கோட்டம், வட்டம், குறுவட்டம் (ஊரில் இன்றும் பிர்கா என்றுதான் சொல்வார்கள்), வருவாய்க் கிராமம் என்று வரிசை அமைந்துள்ளது. ஒன்றியமோ, 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் வட்டாரங்களிலிருந்தும் 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்திலிருந்தும் வந்தது. ஆகவே பட்டாவுக்கு வட்டாட்சியரிடமும், ஊராட்சிச் சாலைக்கும் நூறு நாள் வேலைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் போக வேண்டும். இரண்டு கோப்புகளும் சந்திக்கும் இடம் மாவட்ட ஆட்சியரின் மேசைதான். சீர்காழி வட்டத்துக்குள் சீர்காழி, கொள்ளிடம் ஆகிய இரு ஒன்றியங்களும் இருக்கின்றன. சீர்காழி நகராட்சியும் வைத்தீசுவரன்கோயில் பேரூராட்சியும் அதே வட்டத்தில் இருந்தும் எந்த ஒன்றியத்திலும் சேராதவை.

கடைமடைவாசி:
இதோடு தேர்தல் எல்லையையும் சேர்த்தால் குழப்பம் இன்னும் கூடும். 1991இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்த நாகப்பட்டினம் மாவட்டத்தைப் புதுச்சேரியின் காரைக்கால் குறுக்கே வெட்டி இரு துண்டாக்கியிருந்தது. சீர்காழிக்காரர் ஆட்சியர் அலுவலகம் போக வேறோர் ஆட்சிப்பகுதியைக் கடக்க வேண்டியிருந்த நிலை, மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமாக 2020 டிசம்பரில் செயல்படத் தொடங்கியபோது நீங்கியது. மக்களவைத் தொகுதி மட்டும் அசையவில்லை. கும்பகோணத்து வாக்காளர் இன்றும் மயிலாடுதுறைத் தொகுதியில் வாக்களிக்கிறார், அவருடைய ஆட்சியரோ தஞ்சாவூரில் இருக்கிறார்.

கொள்ளிடக்கரையான்:
விளக்கங்களுக்கு நன்றி. நாளை கொள்ளிடம் தனி வட்டமானால் எங்கள் நிலப் பத்திரங்களை மாற்றி எழுத வேண்டியிருக்குமா?

பழைய கணக்கன்:
தேவையில்லை. புதிய வட்டம் அமைக்க மாநில அரசின் ஆணை போதும். அந்த ஆணையால் பத்திரம் செல்லாமல் போகாது. உங்கள் தாத்தா காலத்துப் பத்திரத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்றும், தந்தையுடையதில் நாகப்பட்டினம் என்றும் இருக்கலாம். வில்லங்கம் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை கிராமத்தின் பெயரும் புல எண்ணும், உட்பிரிவு ஆகியிருந்தால் அந்த எண்ணும்தான். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லை பதிவுத்துறை வகுத்த மற்றொரு கணக்கு. அது வட்டத்தோடு ஒத்துப்போகும் என்று எண்ணிவிடாமல், உங்கள் கிராமம் எந்த அலுவலகத்தில் வருகிறது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.