ஜலாஷ்வா கப்பல்: பின்பக்கத்தை முங்க வெச்சு படகு எடுக்கறது எப்படிங்க?

பொள்ளாச்சி_கெழக்கு:
ஐ.என்.எஸ். ஜலாஷ்வா பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க. 2020 கொரோனா சமயத்துல தூத்துக்குடிக்கு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துச்சே, அதேதானுங்க. அமெரிக்காக்காரங்க ஓட்டி முடிச்சு வித்த கப்பல்ங்கறாங்க. அங்க என்ன வேலை பாத்துச்சு, இங்க வந்து என்ன பண்ணுச்சு? அப்பறம், பின்கதவைத் திறந்து கடல் தண்ணியை உள்ள விட்டு படகை வெளிய அனுப்புமாமே. கதவைத் திறந்தா கப்பலே முங்கிப் போகாதுங்களா? அந்தத் தண்ணியைத் திருப்பித் தள்ள எத்தனை ஹெச்.பி. மோட்டார் வேணும்?

அந்தியூர்_வாசகன்:
வரலாறு நான் சொல்றேன். தண்ணிக் கணக்கை பம்புக்காரங்க பாத்துக்கட்டும்.

பழைய பேரு யூ.எஸ்.எஸ். டிரென்டன், எல்.பி.டி.-14 (எல்.பி.டி.ன்னா துருப்பு, சரக்கு, படகு ஏத்திட்டுப் போய்க் கரையிறக்கற கப்பல் வகை), ஆஸ்டின் வகுப்பு. சியாட்டில்ல லாக்ஹீட் கப்பல் தளத்துல 1966 ஆகஸ்ட்ல கட்ட ஆரம்பிச்சு, 1968 ஆகஸ்ட்ல தண்ணியில இறக்கி, 1971 மார்ச் 6-ல பணியில சேர்த்தாங்க. நீளம் 173.7 மீட்டர், முழுச் சுமையோட சுமார் 17,000 டன்.

அங்க பாத்த வேலையில பெருசு 1991 ஜனவரி, சோமாலியா. மொகதிஷுல உள்நாட்டுச் சண்டை முத்தி அமெரிக்கத் தூதரகம் மாட்டிக்கிச்சு. டிரென்டன்ல இருந்து ரெண்டு சிஎச்-53இ ஹெலிகாப்டர் நடுவானத்துல எரிபொருள் நிரப்பிட்டு 460 கடல் மைலுக்கு மேல பறந்து போய் காவல் படையை இறக்கின. அப்பறம் குவாம் கப்பலும் கிட்ட வந்து, மொத்தம் 281 பேரை மீட்டாங்க. 2006 ஜூலையில லெபனான்ல இருந்து ஆளுங்களை வெளிய கொண்டு வந்ததுலயும் டிரென்டன் உண்டு.

2007 ஜனவரி 17-ல அங்க ஓய்வு, அன்னைக்கே நம்ம கைக்கு மாறுச்சு. ஜூன் 22-ல அமெரிக்காவுல நார்ஃபோக்ல ஜலாஷ்வாவா, எல்-41-ங்கற எண்ணோட பணியில சேர்ந்துச்சு. கப்பலுக்கு 4.844 கோடி டாலர். கூடவே ஆறு யூஎச்-3எச் சீ கிங் ஹெலிகாப்டர், அதுக்குத் தனியா 3.9 கோடி. வாங்கறதுக்கு முன்னாடி கப்பலோட நிலைமையைச் சரியாப் பாக்கலைன்னு தணிக்கைத் துறை 2008-ல குறை எழுதுச்சு. 36 வருசம் ஓடுன கப்பல், அந்தக் குறையில நியாயம் இருக்குதுங்க. ஆனா அந்த விலைக்கு இந்த அளவுல புதுசு கட்ட முடியாதுங்கறதும் நெசம்.

2020 'சமுத்திர சேது' கணக்கு: மாலேயில இருந்து கொச்சிக்கு 698 (மே 10), மறுபடி 588 (மே 17). தூத்துக்குடிக்குக் கொழும்புல இருந்து 685 (ஜூன் 2), மாலேயில இருந்து 700 (ஜூன் 7), ஈரான் பந்தர் அப்பாஸ்ல இருந்து 687 (ஜூலை 1). ஆக அஞ்சு நடையில 3,358 பேர். சுமார் 900 துருப்புகளுக்கு இடம் வெச்சுக் கட்டினதால இடைவெளி விட்டும் இத்தனை பேரை ஏத்த முடிஞ்சுது.

சிங்காநல்லூர்_லேத்து:
கதவைத் திறந்து முங்க வைக்கறதில்லைங்க, முங்க வெச்சுட்டுத்தான் கதவைத் திறப்பாங்க. அந்த வரிசையைப் புடிச்சுட்டா மிச்சம் தானா வெளங்கும்.

கப்பலோட பின்பாதியில தொட்டி மாதிரி ஒரு தளம், 'வெல் டெக்'. ஜலாஷ்வாவுல அது ஏறக்குறைய 51 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். துருப்பு, வண்டியைக் கரைக்குக் கொண்டு போற எல்.சி.எம்.-8 படகு ஒண்ணு 22.5-க்கு 6.4 மீட்டர். ரெண்டு ரெண்டா நாலு படகு நிறுத்துனா 45-க்கு 12.8. மிச்சம் இருக்கறது பக்கத்துக்கு ஒரு மீட்டர் சொச்சம், அதனாலதான் சுவருக்கு மரப்பலகை அடிச்சிருப்பாங்க. படகு இடிச்சா பலகை நசுங்கும், கப்பல் தகடு தப்பிக்கும்.

அந்தத் தளத்துக்குக் கீழயும் ரெண்டு பக்கமும் தனித்தனி நிலைப்படுத்தும் தொட்டிங்க இருக்கு. வால்வைத் திறந்தா கடல் தண்ணி தன்னால ஏறும், மோட்டார் வேண்டாம். பின்பக்கம் இறங்கும், அப்பறம் அடியில கீல் வெச்ச பின்கதவைச் சாய்ப்பாங்க. சுமையோட எல்.சி.எம்.-8 மிதக்க சுமார் 1.6 மீட்டர் தண்ணி வேணும். தளம் சாய்வா இருக்கறதால கதவுகிட்ட ஆழம், முன்னால போகப் போக ஆழம் கம்மி. பொள்ளாச்சிக்காரருக்குப் புரியற மாதிரி சொன்னா, குளத்துல படித்துறை மாதிரி.

முங்காததுக்குக் காரணம், தளத்தைச் சுத்தி இருக்கற மிதவை இடங்கள்ல தண்ணி போகாது. ஆபத்து முங்கறதுல இல்லைங்க, பக்கவாட்டுல சாயறதுல. அகலமான இடத்துல தண்ணி தளும்புனா நிலைத்தன்மை குறையும். நீளம் × அகலத்தோட கனம் ÷ 12, அதைக் கப்பல் தள்ளற தண்ணியோட கன அளவால வகுங்க. 51 × 3,375 ÷ 12 = 14,344. 17,000 டன் கப்பலுக்கு அது சுமார் 16,600 கன மீட்டர். வகுத்தா 0.86 மீட்டர், கப்பலை நிமிர்த்தி வெக்கற 'மெட்டாசென்ட்ரிக்' உயரத்துல அவ்வளவு குறையும். அத்தனை நிலைத்தன்மை, கதவு திறந்திருக்கற நேரம் பூராவும் கையில இல்லை. அதே அகலத்தை நடுவுல சுவர் போட்டு ரெண்டாப் பிரிச்சா கால் பங்குதான் போகும். நிலைப்படுத்தும் தொட்டிங்களைச் சின்னச் சின்ன அறையாப் பிரிக்கறதும், ஒண்ணை முழுசா நிரப்பிட்டுத்தான் அடுத்ததுக்குப் போறதும் அதுக்குத்தான். அரைத்தொட்டியா நாலஞ்சு கெடந்தா வம்பு.

ஹெச்.பி. கேட்டீங்களே. தளத்துத் தண்ணியை யாரும் இறைக்கறதில்லை, தொட்டி காலியாகி பின்பக்கம் மேல வந்தா அது தானா வடிஞ்சுரும். தொட்டித் தண்ணியைத்தான் தள்ளணும். கணக்குக்கு 5,000 டன்னு வெச்சுக்கங்க, எட்டு மீட்டர் ஏத்தம், ஒரு மணி நேரம்: தண்ணிக்கு 109 கிலோவாட், பம்பு திறன் 70 சதம்னா 156 கிலோவாட், சுமார் 209 ஹெச்.பி. நம்ம 7.5 ஹெச்.பி. மோட்டார் 28.

பொள்ளாச்சி_கெழக்கு:
அவ்வளவுதானுங்களா! 17,000 டன் கப்பலுக்கு நான் ஆயிரக்கணக்குல நெனச்சேன். நம்ம போர்வெல் சப்மெர்சிபிளே பெருசாப் போட்டா ஆகாதுங்களா?

சிங்காநல்லூர்_லேத்து:
ஆகாதுங்க. போர்வெல் பம்பு அடுக்கடுக்கா இம்பெல்லர் வெச்சு 200, 300 மீட்டர் ஏத்தறதுக்கு. இங்க ஏத்தம் எட்டு பத்து மீட்டர், அளவுதான் ராட்சசம். அச்சுவழியா தள்ளற ஆக்சியல், மிக்ஸட் ஃப்ளோ பம்புதான் இதுக்குத் தோது. இன்னொரு வழி காத்து. தொட்டி மேல காத்தை அழுத்துனா தண்ணி அடி வால்வு வழியா வெளிய போகும். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பார் சொச்சம் போதும். ஏர்ஜெட் தறிக்குக் குடுக்கற 6 பார் எல்லாம் இதுக்கு வேண்டாம், ஆனா காத்தோட கன அளவு தண்ணிக்கு ஈடா வேணும்.

அடிக்கடி வர்ற பழுதுன்னா, கடல்வாய்ச் சல்லடையில பாசியும் நுங்குமீனும் அடைக்கறது, வால்வு முழுசா மூடாம ஒரு பக்கத் தொட்டி மட்டும் மெதுவா நெறயறது, பின்கதவு ரப்பர் சீல் உப்புல வெடிக்கறது. அலை பெருசா இருந்தா தளத்துக்குள்ளயே தண்ணி முன்னும் பின்னும் அடிக்கும், படகோட அடி தட்டும், கட்டுன கயிறு அறும். அதுக்காகத்தான் அலை நேரா பின்வாய்க்குள்ள நுழையாதபடி கப்பலைத் திருப்பி வெச்சு, மெல்ல ஓட்டிட்டே வேலை பாப்பாங்க.

பெருந்துறை_பாய்லர்:
பழைய கப்பல்ங்கறது எங்க கடிக்கும்னா, நீராவியில. ரெண்டு பாய்லர், ரெண்டு டர்பைன், 24,000 குதிரைத்திறன், வேகம் 21 நாட். நீராவி அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 42 கிலோ, வெப்பம் 460 டிகிரிக்கு மேல. நம்ம சாயப்பட்டறை பாய்லர் 10.5 கிலோ. அதுலயே போர் தண்ணி உப்பு ஏறுனா ட்யூப்ல செதில் கட்டி வீங்கி வெடிக்குது. 42 கிலோவுல கண்டென்சர் ட்யூப் ஒண்ணு ஒழுகி கடல் தண்ணி சொட்டுச் சொட்டா ஊட்டத் தண்ணியில கலந்தாலே போதும், குளோரைடு ஏறி பாய்லரைக் கெடுத்துரும். டீசல் கப்பலைச் சட்டுனு கெளப்பிரலாம். இதைக் குளுந்த நிலையில இருந்து சூடேத்திக் கெளப்ப மணிக்கணக்காகும்.

2008 பிப்ரவரி தொடக்கத்துல இதே கப்பல்ல ஹைட்ரஜன் சல்பைடு கசிஞ்சு கடற்படை ஆளுங்க இறந்து போனாங்க. கழிவோ கடல் தண்ணியோ மூடுன தொட்டியில காத்தில்லாம தேங்குனா நுண்ணுயிர் அந்த வாயுவை உண்டாக்கும். காத்தை விடக் கனம், பள்ளத்துல தங்கும். அழுகுன முட்டை வாடை வருதேன்னு நம்பி இருக்கக் கூடாது. 100 பிபிஎம் தாண்டுனா மூக்கு மரத்து வாடையே தெரியாது. முதல்ல ஊதி காத்து மாத்தணும், மீட்டர் வெச்சுப் பாக்கணும், மேல ஒரு ஆள் கயிறோட நிக்கணும். உள்ள விழுந்தவரைக் காப்பாத்த முகமூடி இல்லாம இன்னொருத்தர் இறங்கறதுதான் சாவு எண்ணிக்கையைக் கூட்டறது. நம்ம பக்கத்துக் கழிவுத் தொட்டிக்கும் இதே விதிதானுங்க.

அந்தியூர்_வாசகன்:
ஒரு சின்ன விசயம். சிலபேர் இதை 'டாக் லேண்டிங் ஷிப்'னு எழுதறாங்க. அது எல்.எஸ்.டி., வேற வகை. 2019 நவம்பர்ல 'டைகர் டிரையம்ப்' பயிற்சிக்கு ஜலாஷ்வாவோட சேர்ந்து வந்த யூ.எஸ்.எஸ். ஜெர்மன்டவுன் அந்த வகை. அதோட வெல் டெக் 134 மீட்டர், நாலு காத்துமெத்தைப் படகு நிக்கும். ஆஸ்டின் வகுப்புல ஒண்ணுதான் நுழையும். அதுல படகுக்கு இடம் பெருசு, இதுல துருப்புக்கும் சரக்குக்கும் பெருசு. அதே பயிற்சியில இருந்த நம்ம ஐராவத் மூணாவது வகை: நேராக் கரையிலயே மூக்கை ஏத்தி, முன்கதவைத் திறந்து இறக்கும்.