லாக்கப் நேரத்துப் பாட்டு

குழு: நம்ம குடும்பம்
சனிக்கிழமை, இரவு 8.40

நான்: எல்லாரும் சாப்பிட்டாச்சா? ஒரு பாட்டு போட்டிருக்கிறேன், கேளுங்கள். பெரியப்பா கட்டாயம் கேட்கணும், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

மாமா: எனக்கு இறங்கவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அத்தை: நாளைக்குத் தண்ணி லாரி வருமா வராதா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

அண்ணி: காலையில் 7 மணிக்கு அத்தை. குடத்தை வெளியே வைத்துவிடுங்கள்.

அண்ணன்: ஏய் பாப்பா, இது அமெரிக்கப் பாடகி ஷரோன் ஜோன்ஸ்! உனக்கு எங்கே கிடைத்தது இது?

நான்: போன வாரம் பஸ்ஸில் வரும்போது அவரைப் பற்றிய ஆவணப்படம் பார்த்தேன். பார்பரா காப்பிள் எடுத்தது, 2015. பக்கத்து சீட்டு அம்மா டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார், அந்த நிலைமை.

பெரியப்பா: கேட்டேன். நல்ல குரல். 1970 வாக்கில் வந்ததா? அந்தக் காலத்து ரேடியோ மாதிரி இருக்கிறது.

நான்: இல்லை பெரியப்பா, 2007. "100 டேஸ், 100 நைட்ஸ்" என்று ஆல்பம் பேரே அதுதான்.

பெரியப்பா: அப்படியானால் ஏன் பழசு மாதிரிக் கேட்கிறது?

அண்ணன்: அதை நான் சொல்கிறேன். இவங்க கம்ப்யூட்டரில் பதிவு பண்ணவில்லை. நியூயார்க்கில் புருக்ளினில் புஷ்விக் என்று ஒரு பகுதி, அங்கே ஒரு பழைய வீட்டை ஸ்டூடியோ ஆக்கி, டேப் மெஷினில் வெறும் 8 டிராக் வைத்துப் பதிவு பண்ணினார்கள். இப்போது எங்கள் கச்சேரிக் குழுவில் ஒரு டிரம்ஸுக்கு மட்டுமே 10 மைக் வைக்கிறார்கள், அங்கே மொத்த பேண்டுக்கும் 8 தடம்தான், அதனால் யார் எவ்வளவு சத்தமாக வாசிக்கணும் என்பதை அந்த அறையிலேயே முடிவு பண்ணிவிட்டுத்தான் வாசிக்கணும், பிறகு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. டாப்டோன் என்று கம்பெனிக்குப் பேர். கேப்ரியல் ராத் என்பவரும் நீல் சுகர்மன் என்ற சாக்ஸபோன்காரரும் சேர்ந்து ஆரம்பித்தது. ராத்தான் பேஸ் கிடாரும் வாசித்தார்.

மாமா: டேய், இவ்வளவு நீளமாகவா எழுதுவது? கண்ணாடி எடுத்துவிட்டு வருகிறேன்.

நான்: அந்த வீட்டு வயரிங் வேலையில் ஷரோனும் கை வைத்தாராம். பாட வந்த அம்மாவைக் கம்பி இழுக்க விட்டிருக்கிறார்கள்.

அத்தை: சரி, பெரியவன் ஏன் கேட்கணும் என்றாய்? அதைச் சொல்லு.

நான்: சொல்கிறேன் அத்தை. இவர் பாடகியாகப் பேர் வாங்குவதற்கு முன்னால் ஜெயில் வார்டர். நியூயார்க்கில் ரைக்கர்ஸ் ஐலண்ட் என்று ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு முழுக்க ஜெயில், அங்கே வேலை பார்த்தார்.

பெரியப்பா: அப்படியா!!

பெரியப்பா: எந்த வருஷம்?

நான்: 80-களின் கடைசி வாக்கில். ராத்திரி கைதிகளை உள்ளே அடைக்கும் நேரத்தில், "நீ பாடினால்தான் உள்ளே போவோம்" என்று அடம் பிடிப்பார்களாம். விட்னி ஹூஸ்டன் பாட்டு ஒன்றைப் பாடுவாராம், உள்ளே போய்விடுவார்களாம்.

பெரியப்பா: இது நடந்திருக்கும். நம்புகிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. சாயங்காலம் லாக்கப் நேரம்தான் ரொம்ப மோசமான நேரம், பகலில் நல்லாப் பேசிக்கொண்டு இருந்தவன்கூட அந்தக் கதவுச் சத்தம் கேட்டதும் முகம் மாறிவிடுவான். ஆள் கணக்கு சரியாக வந்தால்தான் எங்களுக்கும் வீடு. ஒரு ஆள் குறைந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணணும். நான் 31 வருஷம் எண்ணியிருக்கிறேன். எங்கள் பிளாக்கில் ஒருத்தன் கம்பியைத் தட்டிக்கொண்டு பழைய பாட்டு பாடுவான், அவன் பாடும் நாளில் கணக்கு சீக்கிரம் முடியும். வார்டரே பாடியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

சித்தி: பெரிய மாமா, இத்தனை வருஷத்தில் இதை நீங்கள் சொன்னதே இல்லையே.

பெரியப்பா: யார் கேட்டீர்கள்?

அண்ணி: 😄😄

நான்: அது மட்டும் இல்லை, பேங்குக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் துப்பாக்கியோடு காவலுக்குப் போயிருக்கிறார். உயரம் ஐந்தடி கூட இல்லை, ஒரு அங்குலம் குறைச்சல்.

மாமா: படித்துவிட்டேன். அப்படிப் பாடத் தெரிந்தவர் ஏன் ஜெயிலுக்குப் போகணும்? முன்னாடியே சினிமா, ரெக்கார்டு என்று போயிருக்கலாமே.

நான்: போய்க் கேட்டார் மாமா. ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனி ஆள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார், நீ ரொம்பக் கறுப்பு, ரொம்பக் குண்டு, ரொம்பக் குள்ளம், வயசும் 25 தாண்டிவிட்டது என்று. அவரே பேட்டிகளில் பல தடவை சொன்ன விஷயம் இது.

அத்தை: பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அல்லவா சொல்லியிருக்கிறான்.

அண்ணி: அத்தை 👏👏

அண்ணன்: கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டு இருந்தார். அதை நான் ரொம்ப மதிக்கிறேன், ஏனென்றால் நானும் அதே தொழில். சாப்பிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டு, யாருமே கேட்காத கூட்டத்துக்கு நாலு மணி நேரம் பாடிப் பழகியவர்களுக்கு எந்த மேடையும் பயம் இல்லை.

மாமா: சரி, அப்புறம் எப்போதுதான் வாய்ப்பு வந்தது?

நான்: 1996. லீ ஃபீல்ட்ஸ் என்று ஒரு சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாடகர், அவருடைய பதிவுக்குப் பின்னணிக் குரலாக மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். வந்தது இவர் ஒருத்தர்தான். மூன்று பேர் பாட வேண்டியதை ஒருத்தரே மாறி மாறிப் பாடிக் கொடுத்துவிட்டார். அங்கேதான் கேப்ரியல் ராத் இவரைப் பிடித்தார். அப்போது இவருக்கு 40 வயசு. டாப்-கிங்ஸ் பேண்டோடு முதல் ஆல்பம் 2002-இல் வந்தபோது 46.

சித்தி: 46-இல் ஆரம்பமா! என் வயசுக்குக் கொஞ்சம் குறைச்சல்.

நான்: ஆரம்பம் என்று சொல்லாதீர்கள் சித்தி, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கு அதுதான் எரிச்சல். சின்ன வயசில் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதை வேஷம் போட்டுப் பாடியதிலிருந்து நிறுத்தவே இல்லை. சர்ச், கல்யாணம், ஜெயில் என்று பாடிக்கொண்டேதான் இருந்தார். லேட்டாக வந்தது ரெக்கார்டு, அவர் இல்லை.

அண்ணன்: சரியாகச் சொன்னாய். பிறந்தது ஜார்ஜியாவில் அகஸ்டா, 1956. ஜேம்ஸ் பிரவுன் வளர்ந்த ஊரும் அதுதான். ஃபங்க் என்கிற ஆட்டத்தாள இசை என்றாலே ஜேம்ஸ் பிரவுன்தான் பெரிய வாத்தியார். தாளத்தில் முதல் அடியை நச்சென்று போட்டுவிட்டு மிச்சத்தில் எல்லாரும் விளையாடுவது, அது அவர் போட்ட பாதை. ஷரோன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவர் ஆடுவதைப் பார்த்து ஆடிக்காட்டுவாராம். பிற்காலத்தில் இவரையே பெண் ஜேம்ஸ் பிரவுன் என்றார்கள். மேடையில் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு ஆடுவார், யூடியூபில் பாருங்கள், பேண்டில் பாதி வயசுப் பையன்கள் மூச்சு வாங்குவார்கள், இவர் வாங்கமாட்டார்.

மாமா: ஆமி வைன்ஹவுஸ் என்று ஒரு பெண் இதே மாதிரிப் பாடுமே, என் பையன் கேட்பான்.

அண்ணன்: மாமா!! சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்தப் பெண்ணின் "பேக் டு பிளாக்" ஆல்பத்தில் பல பாட்டுக்கு வாசித்தது இதே டாப்-கிங்ஸ்தான், 2006-இல். அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான மார்க் ரான்சன் இவங்க சத்தம் வேண்டும் என்றே தேடி வந்தார். உலகமே கேட்டது அந்த ஆல்பத்தை, ஷரோனை அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கேட்கவில்லை.

நான்: பத்தில் ஒன்று என்பது உன் கணக்கு, எங்கேயும் எழுதி இல்லை.

அண்ணன்: சரி சரி, ரொம்பக் கம்மி என்று வைத்துக்கொள்.

அத்தை: தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லையா?

அண்ணன்: எனக்குக் கோபம். எங்கள் டிரம்மரை ஒரு முகூர்த்தத்துக்கு வேறு குழுவுக்கு விட்டுவிட்டு நான் மூன்று நாள் பேசவில்லை.

மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அண்ணி: என்ன மாமா அழித்தீர்கள்?

மாமா: மளிகை லிஸ்ட். தப்பாக இங்கே போட்டுவிட்டேன்.

சித்தி: பாப்பா, அவர் இப்போது இருக்கிறாரா?

நான்: இல்லை சித்தி. 2016 நவம்பர் 18. 60 வயசு.

நான்: சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

சித்தி: கேன்சரா? தயங்காமல் சொல்லு. நான் முடித்து வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

நான்: ஆமாம், கணையத்தில். 2013-இல் தெரிந்தது. புது ஆல்பம் ஆகஸ்டில் வர இருந்தது, தள்ளி வைத்துவிட்டு ஆபரேஷன், கீமோ. ஆல்பம் 2014 ஜனவரியில்தான் வந்தது. இடையில் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்கணும், தலையில் முடி இல்லை. விக் வேண்டாம் என்று மொட்டைத் தலையோடே நின்று நடித்துக் கொடுத்தார். வருஷக் கடைசியில் கீமோ முடிந்தது, பிப்ரவரி 6 நியூயார்க் பீக்கன் தியேட்டரில் கச்சேரி, அன்றைக்கும் அதே தலைதான்.

சித்தி: பிப்ரவரி ஆறா? ஒரு மாசம் சொச்சத்திலா?

நான்: ஆமாம்.

சித்தி: எனக்குக் கடைசி ஊசி போட்டு ஒரு மாசம் கழித்து மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கால் முழுக்க மரத்துப்போய், செருப்பு காலில் இருக்கிறதா கழன்றுவிட்டதா என்றே தெரியாது. அந்தக் காலை வைத்துக்கொண்டு மேடையில் ஆடினாரா?

நான்: ஆடினார் சித்தி. வரியை மறந்துவிடுவோமோ என்றுதான் பயந்தாராம்.

சித்தி: அதுவும் உண்மை. உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறேன்.

அண்ணன்: அந்த ஆல்பத்துக்குத்தான் கிராமி பரிந்துரை, வாழ்க்கையில் முதல் தடவை. பரிசு டோனி பிராக்ஸ்டனும் பேபிஃபேஸும் சேர்ந்து பாடியதற்குப் போய்விட்டது.

நான்: 2015-இல் நோய் திரும்பி வந்துவிட்டது, அந்த ஆவணப்படம் டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டிய சமயத்தில் அவரே மேடையில் சொன்னார். 2016-இல் கீமோவுக்கு நடுவிலும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிவு டிவியில் ஓடும்போது பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. பேண்ட் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு கிடாரோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சர்ச் பாட்டுகளை வாசிக்க, இவர் கூடவே முனகியிருக்கிறார். பேச முடியாதவர் ராகத்தை விடவில்லை என்று ராத் சொல்லியிருக்கிறார்.

அத்தை: 🙏

சித்தி: அந்த மொட்டைத் தலை வீடியோவை அனுப்பு பாப்பா. குழுவில் வேண்டாம், எனக்குத் தனியாக.

நான்: அனுப்பிவிட்டேன் சித்தி.

இரவு 10.55

பெரியப்பா: பாப்பா, தூங்கிவிட்டாயா? அந்தப் பாட்டை மூன்று தடவை கேட்டுவிட்டேன். பெரியம்மா சத்தத்தைக் குறைக்கச் சொல்லுகிறாள்.

நான்: முழிச்சிருக்கிறேன் பெரியப்பா.

பெரியப்பா: அந்த ஜெயிலில் அவர் ஆண்கள் பக்கத்தில் இருந்தாரா, பெண்கள் பக்கத்திலா? எத்தனை பேருக்கு ஒரு வார்டர்? படத்தில் காட்டுகிறார்களா?

நான்: அந்த விவரம் எல்லாம் படத்தில் பார்த்த நினைவு இல்லை பெரியப்பா.

பெரியப்பா: சரி, படம் எதில் வருகிறது என்று காலையில் வந்து டிவியில் போட்டுக் கொடு. 7 மணிக்கு வேண்டாம், தண்ணி லாரி.