கையின் அழுத்தத்துக்கு மாறும் ஹை-கெயின் ஆம்ப்: வாங்கியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு (கோயம்புத்தூர்)

வணக்கம். ஐந்து பேர் கொண்ட எங்கள் இசைக்குழுவில் இருக்கும் இரண்டு கிட்டார்களில் ஒன்றை நான் வாசிக்கிறேன். நாங்கள் வாசிப்பது நவீன ராக். சரணம் முழுவதும் ஒவ்வொரு கம்பியாக மெல்ல மீட்டிக்கொண்டு போவோம். பல்லவி வந்ததும் டிராப் சி சுருதியில் (அடிக்கம்பியை சி ஸ்வரம் வரை தாழ்த்திய சுருதி) கனமான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, தொடங்கும். என்னிடம் இப்போது இருப்பது ஒரு பழைய டிரான்சிஸ்டர் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது). அதில் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கிச் சிதைக்கும் அளவை, ஏற்றிவிட்டால், கம்பியை வருடினாலும் அறைந்தாலும் ஒரே ஒலிதான் வருகிறது. பெடலை மிதிக்காமல், கையின் அழுத்தத்தாலும் கிட்டாரின் வால்யூம் குமிழாலும் மட்டுமே மென்மையிலிருந்து முரட்டொலிக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்காக ஒரு டியூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். தொழில்நுட்ப விவரங்களை நானே படித்துக்கொள்வேன். நீங்கள் வாங்கி வாசித்து, மகிழ்ந்த அல்லது ஏமாந்த கதைதான் எனக்கு வேண்டும்.

பகிர்வு 1 (சென்னை, 14 ஆண்டுகளாக ரிதம் வாசிப்பவர்)

தம்பி, உங்கள் காம்போவை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஹை-கெயின் சுற்றில் கிட்டாரின் ஒலி பல படிகளில் அடுத்தடுத்துப் பெருக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. வெட்டு மிகுந்துவிட்டால் மெல்லிய அடியும் பலத்த அடியும் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆம்பாக இருந்தாலும் கெயினை முழுவதும் திருப்பினால் இதுதான் நடக்கும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மேடை நிகழ்ச்சி தேவைப்பட்டது. நான் முதலில் வாங்கியது பழைய பீவி 5150. 1992-இல் எடி வான் ஹேலனுக்காக உருவாக்கப்பட்ட, 6எல்6 டியூப்களில் 120 வாட் தரும் ஆம்ப் அது. அதில் ரிதம், லீட் என்று தனித்தனி ஒலிக்கு இரண்டு சேனல்கள். வீட்டில் லீட் சேனலில் கெயினை 8-இல் வைத்து வாசித்தபோது மலையையே சாய்த்துவிடுவேன் என்று தோன்றியது. மேடையில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் என் கிட்டார் காணாமல் போயிற்று. கீழே நின்று கேட்ட நண்பன், தேனீக் கூட்டத்தின் ரீங்காரம் மட்டும் கேட்டது என்றான். தவறு முழுவதும் என்னுடையது. அடுத்த ஒத்திகையில் ரிதம் சேனலுக்கு மாறி, கிரஞ்ச் பொத்தானை அழுத்தி, கெயினை 4-க்குக் கீழே இறக்கியதும் ஒவ்வொரு பாம் மியூட்டும் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி அடிப்பது) தனித்தனியாகக் காதில் விழுந்தது. முதன்முதலில் வந்த 5150-இல் இரண்டு சேனல்களுக்கும் டோன் குமிழ்கள் பொது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களைப் போல ஒரே பாட்டில் இரு முகம் காட்ட விரும்புகிறவர், 1999-இல் வந்த 5150 II போலச் சேனலுக்கு ஒரு தொகுதிக் குமிழ் உள்ள ஆம்பைத் தேடுவது நல்லது.

அதன் பிறகு நான் தேடித் தேடி வாசித்துப் பார்த்தவற்றில் கைக்கு மிக நெருக்கமாக நடந்துகொண்டது மார்ஷல் ஜேசிஎம்800-இன் 2203 மாடல். அதற்கு ஒரே சேனல்தான். கிட்டார் வால்யூமை 10-இலிருந்து 4-க்கு இறக்கினால் ஏறக்குறைய தெளிந்த ஒலி கிடைக்கும். ஆனால் இன்றைய ராக்குக்கு அதன் கெயின் சற்றுப் போதாது. முன்னால் டிஎஸ்9 போன்ற ஒரு ஓவர்டிரைவ் பெடலை, டிரைவைப் பூஜ்யத்துக்கு அருகிலும் லெவலை உயர்த்தியும் வைத்து வாசிக்க வேண்டியிருக்கும். அந்தப் பெடல் ஆம்பை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது, கூடவே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் அனுப்புகிறது. டிராப் சி-யில் உங்கள் அடிக்கம்பியின் அலைவெண் சுமார் 65 ஹெர்ட்ஸ். அந்தத் தாழ்வொலி முழுவதும் சிதைவுப் படிகளுக்குள் நுழைந்தால் வெளியே வருவது குழைந்த சேறுதான். பேஸைச் சிதைவுக்கு முன்பே குறைத்து, 5150 போல ரெசனன்ஸ் குமிழ் உள்ள ஆம்பில் வேண்டிய தாழ்வொலியைப் பின்னால் அந்தக் குமிழில் திரும்பப் பெறுவதே நான் கண்ட வழி.

மேசா பூகியின் டூயல் ரெக்டிஃபயரையும் ஓராண்டு வைத்திருந்தேன். அதில் சுவர் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் ரெக்டிஃபயரை டயோடாகவோ டியூபாகவோ தேர்ந்தெடுக்கலாம். டியூபில் வைத்துப் பலமாக அடித்தால் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து எழும். அடியின் முனை மழுங்கி, பின்னால் ஒலி பொங்கி வரும். மெதுவான பாட்டில் அது சொர்க்கம். வேகமான ரிஃப்புக்கு டயோடே சரி. மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தால் தவிர இந்த வேறுபாட்டை உணர முடியாது.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே கொண்டு போங்கள். ரிஃப்பை வாசிப்பதற்கு முன், பல்லவியின் ஒலியை அமைத்துவிட்டு எந்தக் குமிழையும் தொடாமல் சரணத்தை விரல்நுனியால் வாசித்துப் பாருங்கள். அப்போதும் அந்த ஆம்ப் கத்தினால் அது உங்களுக்கானது அன்று.

பகிர்வு 2 (டொரோன்டோ)

நான் இங்கே பயன்படுத்திய ஆம்பை ஊருக்கு வந்தபோது யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வந்தேன். அது 120 வோல்டுக்கு மட்டும் செய்யப்பட்டது; அங்கே சுவரில் வருவது 230 வோல்ட். தம்பி ஒருவர் அவசரத்தில் நேரே செருகிவிட்டார். ஃபியூஸ் எரிந்ததோடு போயிற்று என்பது எங்கள் அதிர்ஷ்டம். வெளிநாட்டிலிருந்து பழைய ஆம்ப் வரவழைப்பவர்கள் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள். 100 வாட் டியூப் ஆம்புக்கு 500 விஏ-க்குக் குறையாத ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். மூடியைத் திறந்து தாங்களே பார்க்க வேண்டாம். உள்ளே 400 வோல்டுக்கு மேல் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

பகிர்வு 3 (சென்னை, மேடை ஒலிப்பொறியாளர்)

ஆம்பைப் பற்றி இவ்வளவு பேசியும் ஸ்பீக்கரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரே ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்), ஒரே அமைப்பில், முதலில் செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர் உள்ள கேபினெட்டிலும் (ஸ்பீக்கர் பெட்டி) அடுத்து அதே நிறுவனத்தின் வின்டேஜ் 30 என்னும் ஸ்பீக்கர் உள்ள கேபினெட்டிலும் இணைத்து ஒரு குழுவுக்கு ஒலி அமைத்தேன். இரண்டாவது வேறொரு ஆம்ப் என்றே அந்தக் குழுவினர் நினைத்தார்கள். கிரீன்பேக் ஒன்று 25 வாட் தாங்கும். சத்தம் கூடும்போது தானும் சற்று நெகிழ்ந்து ஒலியை உருட்டிக் கொடுக்கும். வின்டேஜ் 30 ஒன்று 60 வாட் தாங்கும். மேல்-நடு ஒலிகளை முன்னே தள்ளுவதால் இரண்டு கிட்டார் உள்ள குழுவில் அது ஒளிந்து போவதில்லை.

வீட்டில் அமைத்த ஒலி மேடையில் ஏன் கெடுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் குறைத்தே கேட்கிறது. ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-இலேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால் வீட்டில் பேஸையும் டிரெபிளையும் கூட்டி, மிடில் குமிழை இறக்கி வைக்கத் தோன்றுகிறது. அதே அமைப்பை டிரம்ஸின் சத்தத்துக்கு உயர்த்தினால் அறை அதிரும், கிட்டாரோ கேட்காது. மேடைக்கு வந்ததும் மிடிலை ஏற்றுங்கள் என்று நான் கெஞ்சாத கிட்டார்க்காரர் இல்லை.

வாட்டைப் பற்றியும் ஒரு சொல். 100 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் இடையே ஒலியளவில் உள்ள வேறுபாடு 3 டெசிபல் மட்டுமே. மெல்லிய பகுதி தெளிவாக இருக்க வேண்டும் என்றால் கூடுதல் வாட் பயன்படும். அதைச் சத்தத்துக்காக வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

பகிர்வு 4 (பெங்களூரு)

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறவன் என்பதால் நான் டியூபைக் கைவிட்டு, ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலருக்கு மாறினேன். கெம்பர், ஹீலிக்ஸ் இரண்டையும் வாசித்திருக்கிறேன். கையின் அழுத்தத்துக்கு அவை பதில் சொல்வதில்லை என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. என் அமைப்பில் மென்மையைக் கொன்றது நாய்ஸ் கேட், அதாவது ஒரு வரம்புக்குக் கீழே உள்ள ஒலியை அடைத்துவிடும் கருவி. இரைச்சலை அடக்க அதன் வரம்பை உயர்த்தி வைத்திருந்தேன். மெல்ல மீட்டிய கம்பியின் வால் ஒவ்வொரு முறையும் வெட்டுப்பட்டது. கெயினைக் குறைத்தபோது இரைச்சலும் குறைந்தது, கேட்டை ஏறக்குறைய அணைத்தே வைக்க முடிந்தது.

இன்னொன்று: வால்யூமை இறக்கும்போது ஒலி மங்குகிறது என்றால் ஆம்பைத் திட்டாமல், கிட்டாரின் வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரில், உச்ச ஒலிகளைத் தக்கவைக்கும் ட்ரெபிள் பிளீட் என்னும் சிறிய கெப்பாசிட்டரைப் போட்டுப் பாருங்கள். செலவு ஒரு காபிக்கு மேல் ஆகாது.

தொடங்கியவரின் பதில் (ஐந்து வாரங்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. சென்னை அண்ணா சொன்னபடி என் கிட்டாரையே எடுத்துக்கொண்டு மூன்று இடங்களுக்குப் போனேன். முதல் இடத்தில் விற்பனையாளர் கெயினை முழுவதும் திருப்பிவிட்டுத் தானே வாசித்துக் காட்டினார். பணிவாக வாங்கிக் குறைத்தேன், அவருக்கு முகம் வாடிவிட்டது. கடைசியில் ஒருவர் விற்ற 50 வாட் இரட்டைச் சேனல் ஹெட்டை, வின்டேஜ் 30 இரண்டு உள்ள கேபினெட்டோடு வாங்கினேன். கெயின் இப்போது 4-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கிறது. ட்ரெபிள் பிளீட்டும் போட்டாயிற்று. சரணத்தை வால்யூம் 3-இலும் பல்லவியை 10-இலும் வாசிக்கிறேன். பெடல் பலகை வீட்டிலேயே கிடக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் புதிதாக முளைத்திருக்கிறது. கெயின் குறைந்ததால் என் பிழைகள் அனைத்தும் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. எங்கள் டிரம்மர் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்கிறார்.