கல்யாண வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாடகப் பேச்சு

தம்பி: வரவேற்பு நிகழ்ச்சி முடிவாகிவிட்டது. பாட்டுக் கச்சேரிக்கு நடுவே பத்து நிமிடம் எங்கள் நாடகம். நானும் கூட்டாளிகளும் திருநங்கைகள் போலப் புடவை கட்டிக் கை தட்டிக்கொண்டு வந்து மாப்பிள்ளையிடம் காசு கேட்போம்.

ஈரோடு பெரியப்பா: நல்லது. கல்யாண வீடு கலகலப்பாக இருக்க வேண்டும்.

நான்: அது வேண்டாம் தம்பி. வேறு ஏதாவது செய்யுங்கள்.

தம்பி: ஏன் அக்கா? படத்தில் எத்தனை முறை பார்த்துச் சிரித்திருக்கிறோம்!

நான்: அதனால்தான் சொல்கிறேன். நம் சினிமா அந்த ஒரே உருவத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது. நாயகனை வழிமறிப்பார்கள், அவர் விரட்டுவார், தியேட்டர் சிரிக்கும். அதோடு அவர்களுக்கு வேலை முடிந்தது. வீடு, படிப்பு, பசி என்று எதுவும் கிடையாது. 2015-இல் ‘ஐ’ படம் வந்தபோது, அதில் வரும் ஒப்பனைக் கலைஞர் பாத்திரத்தைக் கேலிப் பொருளாக்கியதைக் கண்டித்துத் திருநங்கையர் போராட்டமே நடத்தினார்கள்.

ஈரோடு பெரியப்பா: எல்லாப் படத்தையும் அப்படிச் சொல்லிவிடாதே கண்ணு. காஞ்சனாவில் சரத்குமார் திருநங்கையாக எப்படி நடித்தார்! தன்னைப் போன்ற ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து, டாக்டருக்குப் படிக்கவைத்து, ஆஸ்பத்திரி கட்ட நிலமும் வாங்குவார். அந்த இடத்தில் உன் பெரியம்மா அழுதுவிட்டாள்.

நான்: நானும்தான் பெரியப்பா. அந்தப் படத்துக்கு அந்தப் பகுதிதான் உயிர்.

பொள்ளாச்சி அத்தை: ஆனால் வாய்ப்பு யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் ஷில்பா என்ற திருநங்கையாக நடித்ததற்காக விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. நன்றாகத்தான் நடித்தார். எங்கள் ஊர்க்காரரான கல்கி சுப்பிரமணியம் 2011-இலேயே ‘நர்த்தகி’யில் நாயகியாக நடித்தார். திருநங்கை வேடத்தில் ஒரு திருநங்கை. நம் குழுவில் அதைப் பார்த்தவர்கள் யார்?

நான்: 2019-இல் வந்த ‘பேரன்பு’வையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அத்தை. மம்மூட்டியோடு திருநங்கையான அஞ்சலி அமீர் நடித்தார். கடைசியில் அவர்கள் இருவரும் மம்மூட்டியின் மகளும் ஒரு குடும்பமாக நிற்கிறார்கள். நான் பார்த்த படங்களில் அதற்கு இணையான முடிவு இல்லை.

கோவை சித்தி: தொலைக்காட்சியை விட்டுவிட்டீர்களே. 2008-இல் விஜய் டிவியில் திருநங்கையான ரோஸ் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியை நடத்தினார். எங்கள் கோவை லோட்டஸ் தொலைக்காட்சியில் 2014 ஆகஸ்ட் 15 அன்று பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். நாட்டிலேயே செய்தி வாசித்த முதல் திருநங்கை என்று பத்திரிகைகள் எழுதின. மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே வருடம் ஏப்ரலில்தான். நாடகமும் வேண்டாம், அழுகையும் வேண்டாம், தினமும் வந்து செய்தி வாசித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

மணப்பெண்: இப்போதுதான் பார்க்கிறேன். தம்பி, எனக்கு அலங்காரம் செய்ய வரும் அக்காவே திருநங்கைதான். ஒத்திகை அலங்காரத்தன்று மல்லிகைச் சரத்தை ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். ஊசி ஒன்றுகூடத் தலையில் குத்தாமல் ஜடை தைத்து முடித்தார். எனக்குக் காதோரம் வேர்த்தபோது அவரே விசிறினார். வரவேற்பு முடியும்வரை மேடை ஓரத்தில் நிற்பார், புடவை மடிப்பு கலைந்தால் சரிசெய்ய. அவர் முன்னால் நீங்கள் கை தட்டிக்கொண்டு வருவீர்களா?

தம்பி: இல்லை அக்கா. நாடகத்தை விட்டுவிடுகிறோம்.

நான்: அவர் வராத மேடையிலும் வேண்டாம் தம்பி. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாருக்கு என்ன மனது என்று நமக்குத் தெரியாது. வளர்ந்து வீட்டில் வாய் திறக்க வேண்டியவர்கள், நம் சிரிப்பைக் கேட்டே மூடிக்கொள்வார்கள்.

ஈரோடு பெரியப்பா: சரி. அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன செய்வது?

அமுச்சி: வள்ளிக் கும்மி ஆடுங்கள் சாமி. கல்யாணத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

பொள்ளாச்சி அத்தை: அப்படிச் சொல்லுங்கள் அம்மா! என் பெயரை முதலில் எழுதிக்கொள்.

தம்பி: கும்மி ஆசிரியரிடம் இன்றே பேசுகிறேன். ஆட வருகிறவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நம் களத்தில் பயிற்சி.

கோவை சித்தி: நானும் மகளும் வருகிறோம்.

ஈரோடு பெரியப்பா: மைக் செட்டுக்காரரிடம் நான் சொல்லிவிடுகிறேன். ஆட வட்டம் போதாது, முன்வரிசை நாற்காலிகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.