சோகேட் வழியாகக் கேட்டால் பதில் வருவதில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எங்கள் லினக்ஸ் சர்வரில் கிடங்கு இருப்பைக் கணக்கிடும் நிரல் யுனிக்ஸ் சாக்கெட்டில் (ஒரே கணினியிலுள்ள நிரல்கள் ஒரு கோப்புப் பாதை வழியாகப் பேசும் வாயில்) மட்டுமே காத்திருக்கிறது. வேறு கணினியில் உள்ள பில் நிரல் அதனுடன் பேச வேண்டும். அதற்காக நடுவில் சோகேட் (socat, இரு இணைப்புகளுக்கிடையே தரவைக் கடத்தும் கருவி) ஓடுகிறது. 9000ஆம் போர்ட்டில் வரும் டி.சி.பி. (பிணைய வழி) இணைப்பை யுனிக்ஸ் சாக்கெட்டுடன் இணைக்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் தனிப் பிரதி கவனிக்கும்படி ஃபோர்க் கொடுத்திருக்கிறேன். ஒரு பொருளின் இருப்பைக் கேட்டால் உடனே பதில் வருகிறது. மாத அறிக்கை கேட்டால் ஒரு பைட்கூட வராமல் இணைப்பு மூடிக்கொள்கிறது. சர்வரிலேயே நேரடியாகக் கேட்டால் அதே அறிக்கை சில விநாடிகளில் முழுதாக வருகிறது. ஃபயர்வாலை நிறுத்தியும் பார்த்தேன், மாற்றமில்லை.

பதில்:
சோகேட் கட்டளையில் மைனஸ் வி (-v) சேர்த்து ஓட்டுங்கள். இரு திசையிலும் போகும் தரவு முனையத்தில் தெரியும். இன்னொன்று: பில் நிரல் கேள்வியை அனுப்பியதும் தன் எழுதும் பக்கத்தை மூடிவிடுகிறதா?

கேட்டவர்:
கேள்வி போவது தெரிகிறது. திரும்பி எதுவும் வரவில்லை. ஆம், அனுப்பியதும் எழுதும் பக்கத்தை மூடுகிறது. கேள்வி முடிந்ததென்று கிடங்கு நிரல் அதை வைத்துத்தான் அறிகிறது. அந்த நிரலின் பதிவில் 'ப்ரோக்கன் பைப்' என்று இருக்கிறது.

பதில்:
அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் தரவு முடிந்ததென்று அறிவித்தால், சோகேட் அதை மறுபக்கத்துக்குச் சரியாகவே சொல்லிவிடுகிறது. ஆனால் அதன் பிறகு எதிர்த்திசைப் பதிலுக்காக அது காத்திருப்பது அரை விநாடிதான். அதுவே அதன் இயல்பு அளவு. இருப்புக் கேள்விக்கு அரை விநாடி தாராளம். மாத அறிக்கை தயாராவதற்குள் சோகேட் வெளியேறிவிடுகிறது. பிறகு எழுத முயலும் கிடங்கு நிரலுக்கு மறுமுனையில் ஆள் இல்லை; 'ப்ரோக்கன் பைப்' என்பது அதைத்தான் சொல்கிறது. சோகேட் பிழைச் செய்தி காட்டாததற்கும் இதுவே காரணம்: சோகேட்டைப் பொறுத்தவரை வேலை ஒழுங்காக முடிந்தது.

டைம்அவுட்டுக்கான (காத்திருக்கும் நேரம்) சிறிய எழுத்து டியை மைனஸுடன் சேர்த்து 60 என்று கொடுங்கள் (-t 60, அதாவது 60 விநாடி). பெரிய எழுத்து டி (-T) வேறு: இரு பக்கமும் சும்மா இருந்தால் இணைப்பை அறுப்பது அது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நோய் இன்னும் முற்றும்.

கேட்டவர்:
அறிக்கை முழுதாக வந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் மைனஸ் வி காட்டுவதில் பெரிய பதில் 8192 பைட் துண்டுகளாகத் தெரிகிறது. அளவைக் கூட்டட்டுமா?

பதில்:
வேண்டாம். 8192 என்பது சோகேட் ஒரு தடவையில் நகர்த்தும் அளவு. மைனஸ் பி (-b) கொடுத்துக் கூட்டலாம், ஆனால் டி.சி.பி.யில் செய்திக்கு எல்லை என்பதே கிடையாது. வெறும் பைட் ஓட்டம். நடுவில் யார் வேண்டுமானாலும் துண்டாக்கலாம், ஒட்டவும் செய்யலாம். ஒரு தடவை படித்தால் ஒரு செய்தி என்று பில் நிரல் நம்பக் கூடாது. இணைப்பு மூடும்வரை படிக்கட்டும், அல்லது ஒவ்வொரு செய்திக்கு முன்பும் அதன் நீளத்தை 4 பைட்டில் அனுப்புங்கள். நீளத்தை அனுப்பினால், கேள்வி முடிந்ததென்று எழுதும் பக்கத்தை மூடிக் காட்ட வேண்டிய தேவையே இராது. எனக்குப் பிடித்த வழி அதுதான்.

வேறொருவர் பதில்:
யாரும் சொல்லாத ஒன்று. எந்த முகவரியில் காத்திருப்பது என்று குறிக்கும் பைண்ட் (bind) விருப்பத்தைச் சோகேட்டுக்குக் கொடுக்காவிட்டால் அந்த 9000ஆம் போர்ட் சர்வரின் எல்லா முகவரிகளிலும் திறந்திருக்கும். கடவுச்சொல் கிடையாது, குறியாக்கமும் கிடையாது. யுனிக்ஸ் சாக்கெட்டுக்குக் கோப்பு அனுமதி தந்த காவல் முழுவதும் போய்விட்டது. ஃபயர்வாலை மீண்டும் இயக்கிவிட்டீர்களா? தயவுசெய்து இதை இன்றே கவனியுங்கள்.

இந்த வேலைக்கு எஸ்.எஸ்.எச். (வேறு கணினியுடன் குறியாக்கத்தோடு இணைக்கும் கருவி) போதும். 2014இல் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 6.7 முதல் யுனிக்ஸ் சாக்கெட்டை நேரடியாகத் திருப்பிவிட முடியும். பில் கணினியில் மைனஸ் எல் (-L) கொடுத்து, அங்குள்ள 9000ஆம் போர்ட்டையும் சர்வரிலுள்ள சாக்கெட் கோப்பின் பாதையையும் எழுதுங்கள். சர்வரில் சோகேட்டே தேவைப்படாது. நீங்கள் நுழையும் கணக்குக்கு அந்தச் சாக்கெட் கோப்பில் எழுதும் அனுமதி இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இணைப்பு திறந்த உடனே மூடும்.